வகுப்பறைத் திரையும் சின்னப் பிள்ளைகளும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும்தான். ஓய்வு பெற்ற பிறகும் ரேஷன் கடை வரிசையிலும் கோயில் வாசலிலும் "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று நிறுத்திவிடுவார்கள். முன்பெல்லாம் "பையன் எழுத்துக் கூட்டவே மாட்டேங்கிறான்" என்பதுதான் பேச்சாக இருக்கும். இப்போது பாதிக்குப் பாதி திரையைப் பற்றித்தான். அரசுப் பள்ளிப் பெற்றோரும் கேட்கிறார்கள், கடன் வாங்கித் தனியார் பள்ளிக்குப் பணம் கட்டுகிறவர்களும் கேட்கிறார்கள். சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு டேப் கொடுக்கிறார்களாமே டீச்சர்?

இல்லை. தமிழ்நாட்டு அரசு வழங்கிய 79,723 கையடக்கக் கணினிகளும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கானவை. பிள்ளைகளுக்கு என்று வந்தது திறன்மிகு வகுப்பறை. சுவரில் ஒரு பெரிய திரை, அதற்கு இணைய இணைப்பு, அவ்வளவுதான். இப்படி 22,931 வகுப்பறைகள். கணினி வரிசையாக அடுக்கிய உயர்தொழில்நுட்ப ஆய்வகம் நடுநிலைப் பள்ளியில் தொடங்கி மேலே உள்ளவர்களுக்கு.

இந்த வித்தியாசம் முக்கியம். சுவரில் இருக்கும் ஒரே திரையை 30 பிள்ளைகளும் சேர்ந்து பார்க்கிறார்கள். ஆசிரியர் நிறுத்தினால் நிற்கும், கேள்வி கேட்டால் பதில் வரும், பக்கத்துப் பிள்ளையின் சிரிப்பும் காதில் விழும். ஆளுக்கொரு டேப் என்றால் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையளவு உலகத்துக்குள் போய்விடும். ஆசிரியருக்கு 30 தலைகளின் உச்சி மட்டும்தான் தெரியும். சில தனியார் பள்ளிகளில் இரண்டாவது வகை உண்டு. "ஸ்கிரீன் டைம்" என்று பொதுவாகப் பேசுமுன் உங்கள் பள்ளியில் இருப்பது எது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் வரை பரவாயில்லை?

முதலில் எழுத்தில் உள்ளதைச் சொல்கிறேன். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல்படி 2 வயதுக்குள் திரையே கூடாது. 2 முதல் 5 வயதுவரை அதிகபட்சம் ஒரு மணி நேரம், 5 முதல் 10 வயதுவரை 2 மணி நேரத்துக்குள். குறைந்தால் இன்னும் நல்லது என்றும் சேர்த்தே சொல்கிறார்கள். கொரோனா சமயத்தில், 2020 ஜூலையில், மத்தியக் கல்வி அமைச்சகம் பிரக்யதா என்ற பெயரில் இணையவழி வகுப்புக்கு ஒரு வரம்பு கொடுத்தது. எட்டாம் வகுப்புவரை ஒரு நாளில் இரண்டு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம். அது பள்ளி மூடிக் கிடந்தபோது எழுதியது. பள்ளி திறந்து ஆசிரியர் எதிரில் நிற்கும்போது அதை அளவுகோலாக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நான் வேறு ஒரு கணக்குப் போடுவேன். கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை வருடத்துக்கு 200 வேலை நாள், 800 கற்பித்தல் மணி நேரம் என்கிறது. வகுத்துப் பாருங்கள், நாளைக்கு நான்கு மணி நேரம். அதில் ஒரு மணி நேரத்தைத் திரை எடுத்துக்கொண்டால் பிள்ளையின் படிப்பில் கால்பங்கு போச்சு. "ஒரு மணி நேரம்தானே" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மீதி மூன்று மணி நேரத்துக்குள் எழுத்து, வாசிப்பு, கணக்கு, கதை, பாட்டு எல்லாம் அடங்கியாக வேண்டும்.

என் கை அனுபவத்தில், ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு நாளைக்கு 15, 20 நிமிடம் போதும். அதையும் ஒரேயடியாக ஓட்டாமல் ஐந்தைந்து நிமிடமாக உடைத்துக் காட்ட வேண்டும். நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு அரை மணி நேரம் போகலாம். இது டாக்டர் கணக்கல்ல, ஒரு டீச்சர் கணக்கு.

நிமிடத்தை விடுங்கள். காட்டுவது உருப்படியானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

திரை இல்லாமல் அதைக் காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். திமிங்கிலத்தைக் காட்ட முடியாது. இதயம் துடிப்பதையோ எரிமலையையோ காட்ட முடியாது. பயறு முளைப்பதை ஒரு வாரத்துக்குப் பதில் ஒரு நிமிடத்தில் காட்டவும் முடியாது. இதற்கெல்லாம் திரை ஒரு வரம், கரும்பலகையில் நான் வரைந்த திமிங்கிலம் கெண்டை மீன் மாதிரிதான் இருந்தது.

ஆனால் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் நின்றுகொண்டிருக்க, "தாவரத்தின் பாகங்கள்" என்று வீடியோ ஓடியதைப் பார்த்திருக்கிறேன். வேர், தண்டு, இலை எல்லாம் பளபளவென்று, பின்னணியில் இசையோடு. பத்தடி நடந்தால் கையில் பறிக்கலாம். பள்ளிக்குப் பின்னால் எருக்கஞ்செடியும் இருந்தது. எருக்கிலையைத் தின்று வளரும் வரிப்புழுவை இலையோடு ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் துணி கட்டி வைத்தால் கூட்டுப்புழுவாகி, பத்துப் பன்னிரண்டு நாளில் வண்ணத்துப்பூச்சியாக வெளியே வரும். பிள்ளைகள் தினமும் வந்ததும் பையைக்கூட வைக்காமல் பாட்டிலுக்கு ஓடுவார்கள். வீடியோவில் இதே சங்கதி 40 வினாடியில் முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டு நாள் காத்திருப்புதான் பாடம் என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு சோதனையும் உண்டு. வீடியோ ஓடும்போது ஆசிரியர் எங்கே இருக்கிறார்? திரைக்குப் பக்கத்தில் நின்று, நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்று கேட்டால் அது வகுப்பு. மேசையில் உட்கார்ந்து பதிவேடு எழுதினால் அது டிவி. ஆசிரியர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வருகைப் பதிவு, மதிப்பீடு, எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் பள்ளி விவரம் ஏற்றுவது என்று அவர்கள் தலையில் ஏறியிருக்கும் வேலை கொஞ்சமல்ல. பிள்ளைகளை 20 நிமிடம் உட்கார வைக்க வீடியோ கிடைத்தால் யாருக்குத்தான் கை போகாது? பிள்ளைகளின் திரை நேரத்தைக் குறைக்க நினைக்கிறவர்கள் டீச்சரின் திரை நேரத்தையும் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

கண் கெட்டுப்போகாதா?

கிட்டப்பார்வையைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். பிள்ளை வளரும்போது கண்விழியும் வளர்கிறது. அளவுக்கு மேல் நீண்டுவிட்டால் தூரத்தில் உள்ளது மங்கும். கண்ணுக்கு அருகில் வைத்துத் தொடர்ந்து பார்ப்பது அதற்கு ஒரு காரணம், வெயில் வெளிச்சத்தில் போதிய நேரம் இல்லாதது இன்னொரு காரணம். வகுப்பில் பத்தடி தள்ளி இருக்கும் சுவர்த்திரை கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்ப்பதில் சேராது. மடியில் வைத்துப் பார்க்கும் போனும் டேப்பும் சேரும். புத்தகமும் சேரும், அதையும் மறைக்கக் கூடாது.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து மூன்று வருடம் ஆய்வு செய்து 2015இல் வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள், பள்ளி இல்லாத நேரத்திலும் வெளியே விடும்படி பெற்றோரிடம் சொன்னார்கள். மூன்று வருடத்தில் வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம் பேருக்கும், மற்றதில் 39.5 சதவீதம் பேருக்கும் கிட்டப்பார்வை வந்தது. நூறு பிள்ளையில் ஒன்பது பேர் தப்பியிருக்கிறார்கள், வெறும் வெளி விளையாட்டால்.

அதனால் நான் பெற்றோரிடம் முதலில் கேட்பது "விளையாட்டுப் பாடவேளை நடக்கிறதா" என்றுதான். வெயிலடிக்கிறது, கறுத்துப்போவார்கள், சட்டை அழுக்காகும் என்று பி.டி. பீரியடை உள்ளேயே ஓட்டும் பள்ளிகள் இருக்கின்றன. அந்த 40 நிமிடம் போய், அதே இடத்தில் திரையும் வந்துவிட்டால் இரட்டை நஷ்டம்.

பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ, பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினாலோ காத்திருக்க வேண்டாம். "கவனமில்லை" என்று நான் திட்டிய ஒரு பிள்ளைக்குக் கடைசியில் பார்வைக் குறை என்று தெரிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கிப் போடலாமா?

பணத்தை வீணாக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் பன்னாட்டு அமைப்பான காக்ரேன், 2023இல் 17 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இருபதடி தூரத்தில் உள்ளதை இருபது வினாடி பார்க்கச் சொல்லுங்கள். அதற்குச் செலவில்லை.

எழுதுகிற பழக்கமே போய்விடும் போலிருக்கிறதே?

இதில் நானும் உங்கள் கட்சி.

2007 வாக்கில் செயல்வழிக் கற்றல் வந்தபோது வகுப்பறைச் சுவர் முழுக்கக் கீழ்மட்டக் கரும்பலகை அடித்தார்கள். தரையில் உட்கார்ந்த பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு. அந்த முறையைப் பற்றி ஆயிரம் விமரிசனம் உண்டு, ஆனால் அந்தப் பலகை மாதிரி ஒரு பொருளை அதற்கப்புறம் நான் பார்க்கவில்லை. முழுக் கையையும் வீசி "அ" போடுவார்கள். சுழி எங்கே தொடங்கி எங்கே திரும்புகிறது என்பது தோளுக்குத் தெரியும், மணிக்கட்டுக்குத் தெரியும். தப்பாகப் போட்டால் உள்ளங்கையால் அழித்து மறுபடி. "இ" எழுத வராமல் ஒரு மாதம் தத்தளித்துவிட்டு ஒருநாள் பட்டென்று போட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள், அந்த முகம் இருக்கிறதே!

டேப்பில் விரலால் தடம் பார்த்துத் தேய்த்தாலும் எழுத்து வரும். கோடு தானே சரியாகி, நட்சத்திரம் மின்னும், கைதட்டல் கேட்கும். ஆனால் பிள்ளை எழுதவில்லை, தேய்த்தது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில், இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் 15 பேரை வைத்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. எழுத்தைத் தானாக வரைவது, தடத்தின் மேல் வரைவது, தட்டச்சில் தட்டுவது என்று மூன்று விதமாகப் பழக்கினார்கள். பிறகு எழுத்துகளைக் காட்டி மூளையைப் படமெடுத்தபோது, தானாக வரைந்து பழகிய எழுத்துக்குத்தான் வாசிப்போடு தொடர்புள்ள பகுதிகள் நன்றாக வேலை செய்தன. சின்ன ஆய்வுதான், ஆங்கில எழுத்தில் செய்தது. ஆனாலும் சிலேட்டைப் பிடித்த எந்த டீச்சருக்கும் அது ஆச்சரியம் தராது.

எனவே ஒன்று, இரண்டாம் வகுப்பில் எழுத்துப் பழக்கத்துக்குத் திரை வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லலாம். திரையில் எழுத்தின் வடிவத்தைக் காட்டட்டும், எழுதுவது சிலேட்டிலோ மணலிலோ நாலுகோட்டு நோட்டிலோ இருக்கட்டும். "ஸ்மார்ட் போர்டில் வந்து எழுது" என்று ஒரு பிள்ளையைக் கூப்பிடும்போது மீதி 29 பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் கவனியுங்கள்.

ஸ்வீடனில் கணினியையே தடை செய்துவிட்டார்களாமே? வாட்ஸ்அப்பில் வந்தது.

தடை இல்லை. ஸ்வீடன் பல வருடமாகச் சின்ன வகுப்புகளிலேயே ஆளுக்கொரு கருவி என்று வேகமாகப் போன நாடு. 2023இல் புதிய அரசாங்கம் பின்வாங்கியது. பாலர் பள்ளிகளில் டிஜிட்டல் கருவி கட்டாயம் என்ற போக்கைக் கைவிடுவதாக அறிவித்து, பாடப்புத்தகம் வாங்க அந்த வருடம் மட்டும் 68.5 கோடி குரோனர் ஒதுக்கியது. நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பை அளக்கும் பன்னாட்டுத் தேர்வில் அவர்கள் மதிப்பெண் 2016இல் 555, 2021இல் 544. அதுவே ஐரோப்பாவில் நல்ல மதிப்பெண்தான். இறங்கியதற்குத் திரை மட்டும் காரணமென்று சொல்ல முடியாது, நடுவில் கொரோனாவும் இருந்தது.

நம்மூர் நிலைமை வேறு. நம் பள்ளிகள் ஆளுக்கொரு கருவி என்ற இடத்துக்குப் போகவே இல்லை. அவர்கள் அனுபவத்தில் நமக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. நீளமான உரையை, அதிலும் செய்தி சொல்லும் உரையை, தாளில் படிப்பவர்களுக்குத் திரையில் படிப்பவர்களைவிடக் கொஞ்சம் நன்றாகப் புரிகிறது. 2018இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து இதைத்தான் சொன்னது. படத்தைத் திரையில் காட்டுங்கள், பத்தியைப் புத்தகத்தில் படிக்க விடுங்கள்.

வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். போனைக் கொடுக்காமல் எப்படி டீச்சர்?

என்னைக் கேட்டால் இதுதான் தலையாய பிரச்சினை. வகுப்பறைத் திரையை எண்ணிக்கொண்டிருக்கிறோம், பள்ளிக்கூடமே வீட்டுக்குள் அனுப்பும் திரையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எங்கள் தெருவில் ஒரு வீடு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா கம்பெனி வேலை. வீட்டில் நல்ல போன் ஒன்றுதான், அது அப்பாவிடம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, இரவு எட்டரைக்கு அப்பா வரும்வரை வீட்டுப்பாடம் என்னவென்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கும். வந்ததும் போனைப் பிடுங்கும். குரூப்பில் 64 செய்தி. காலை வணக்கம், யாரோ ஒருவரின் பிறந்தநாள், ஒரு பி.டி.எஃப்., நடுவில் எங்கோ வீட்டுப்பாடம். பார்த்து எழுத ஐந்து நிமிடம், அப்புறம் விரல் தானாக அடுத்ததற்குப் போய்விடும். ஒன்பதரைக்கு அம்மா கத்தினால் "ஹோம்வொர்க் பார்க்கிறேன்மா" என்று பதில். அது முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல்.

அடுத்தது, "பாட்டுப் பாடுவதை வீடியோ எடுத்துக் குரூப்பில் போடுங்கள்". எட்டு வரிப் பாட்டு. முதல் தடவை தும்மினான், இரண்டாவது தடவை குக்கர் விசில் அடித்தது, மூன்றாவது தடவை அப்பாவுக்குத் திருப்தியில்லை. பிள்ளை தன் முகத்தைத் தானே பார்த்துப் பார்த்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வீடியோவோடு ஒப்பிட்டு, கடைசியில் அழுகை. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கத்திப் பாட வேண்டிய பாட்டு அது.

நான் சொல்லும் வழி பழைய வழிதான். வீட்டுப்பாடத்தை டீச்சர் கரும்பலகையில் எழுத வேண்டும், பிள்ளை டைரியில் பார்த்து எழுத வேண்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவே ஓர் எழுத்துப் பயிற்சி. "தப்பாக எழுதிக்கொண்டு வருகிறான், அதனால்தான் குரூப்பில் போடுகிறோம்" என்று பள்ளியில் சொல்வார்கள். தப்பாக எழுதினால் மறுநாள் திருத்தலாம், அதற்காகத்தானே பள்ளிக்கூடம்! பள்ளி மாறும்வரை நீங்கள் ஒன்று செய்யலாம். போனில் வந்ததைப் பார்த்து ஒரு துண்டுத்தாளில் எழுதி, தாளை மட்டும் பிள்ளையிடம் கொடுங்கள். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெற்றோர் மூத்த பிள்ளையிடமோ பக்கத்து வீட்டிலோ கேட்டு எழுதலாம்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் குறியீட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். 2018க்குப் பிறகு வந்த புத்தகங்களில் இருக்கிறது. கட்டாயம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று இரண்டைத் திறந்து காட்டுங்கள், போதும்.

பள்ளி ஒரு செயலியை ஏற்றச் சொல்கிறது. பிள்ளையின் படம், பெயர் எல்லாம் கேட்கிறது.

கேளுங்கள், தயங்காதீர்கள். கொரோனா காலத்தில் 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஆராய்ந்து 2022இல் அறிக்கை வெளியிட்டது. பார்த்த 160க்கும் மேற்பட்டவற்றில் பத்துக்கு ஒன்பது, பிள்ளைகளின் தரவைக் கையாண்ட விதத்தில் அவர்கள் உரிமைக்கு ஆபத்தானவையாக இருந்தன.

இந்தியாவில் 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும், பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, அதில் பள்ளிகளுக்குச் சில விலக்கும் உண்டு. ஆனால் "இந்தச் செயலி யாருடையது, என் பிள்ளையின் படம் எங்கே போகிறது, பள்ளியை விட்டுப் போகும்போது அழிப்பீர்களா" என்று கேட்க எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

மழை நாளில், டீச்சர் வராத நாளில் கார்ட்டூன் போட்டு உட்கார வைக்கிறார்கள்.

என்றைக்கோ ஒருநாள் என்றால் விட்டுவிடுங்கள். ஓராசிரியரோ ஈராசிரியரோ உள்ள பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பையும் ஒருவர் கட்டி மேய்க்க வேண்டும், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். வாரத்துக்கு மூன்று நாள் என்றால் பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: யூடியூபை நேரடியாக ஓடவிடக் கூடாது. நடுவில் வரும் விளம்பரத்துக்கும், முடிந்ததும் தானாக ஓடும் அடுத்த வீடியோவுக்கும் யாரும் பொறுப்பேற்க முடியாது. முன்கூட்டியே பார்த்து, இறக்கி வைத்ததை மட்டும் போடட்டும்.

திரையே வேண்டாமென்றால் நம் பிள்ளை பின்தங்கிவிடாதா?

இந்தப் பயம் தனியார் பள்ளி விளம்பரப் பலகையைப் பார்த்து வருவது. பெருவில் "ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி" என்று தொடக்கப் பள்ளிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 319 பள்ளிகளில் ஆய்வு செய்தபோது கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் நகரவே இல்லை. கருவி போனது, கற்பிக்கும் முறை மாறவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு, சொல்லாவிட்டால் நியாயமில்லை. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை மாலை நேர மையங்களில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலும் நடுநிலை வகுப்புப் பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்தே தொடங்கியது, பக்கத்தில் ஓர் உதவியாளரும் இருந்தார். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். ஆக, மென்பொருளால் ஆகாது என்றில்லை. ஆனால் அது பள்ளி நேரத்தைத் தின்னவில்லை, அதற்கு மேல் சேர்ந்தது.

நம் ஊரிலேயே நடந்தது ஒன்று. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. டிவியிலும் போனிலும் பாடம் வந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் பிள்ளைகள் மறந்துபோய் வந்தார்கள். என் வகுப்பில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை பென்சிலை முஷ்டியால் பிடித்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டதாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் கண்டார்கள். அந்த மீட்சியில் கால்பங்கு வரை இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. அந்தத் திட்டம் என்ன? பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், திண்ணையில் இருபது பிள்ளைகள்.

கணினியை ஆறாம் வகுப்பில் தொட்டாலும் ஒரு மாதத்தில் பழகிவிடுவார்கள். வாசிக்க வராமல் ஆறாம் வகுப்புக்குப் போனால் அதைச் சரிசெய்ய ஒரு மாதம் பத்தாது.

என் மகளுக்குக் காது சரியாகக் கேட்காது. அவளுக்கும் இதே விதிதானா?

இல்லை. காது கேளாத பிள்ளைக்குப் படமும் எழுத்தும், பார்வை குறைந்த பிள்ளைக்குப் பெரிதாக்கிய எழுத்தும், வாசிக்கத் திணறும் பிள்ளைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டும் கருவியும் கைத்தடி மாதிரி. அங்கே நிமிடக் கணக்குப் பார்க்காதீர்கள். சிறப்பாசிரியர் சொல்வதைக் கேளுங்கள்.

பள்ளியில் எப்படிக் கேட்பது? கேட்டால் பிள்ளையைக் கட்டம் கட்டிவிடுவார்களோ?

பயம் புரிகிறது. தனியாகப் போய்க் கேட்காதீர்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அங்கே பேசினால் தீர்மான நோட்டில் ஏறும். சுயநிதிப் பள்ளிகளுக்கு இந்தக் குழு பொருந்தாது. அங்கே பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நாலு பேராகச் சேர்ந்து பேசுங்கள்.

"ஸ்கிரீன் டைமைக் குறையுங்கள்" என்று மொட்டையாகச் சொன்னால் "சரி, பார்க்கிறோம்" என்று முடிந்துவிடும். திட்டமான கேள்வியாகக் கேளுங்கள். இரண்டாம் வகுப்பில் நேற்று எந்தப் பாடவேளையில் எத்தனை நிமிடம் திரை ஓடியது? அதற்குப் பிறகு பிள்ளைகள் என்ன செய்தார்கள்? விளையாட்டுப் பாடவேளை இந்த வாரம் எத்தனை நாள் நடந்தது? வீட்டுப்பாடம் டைரியில் வருமா? குரல் உயர்த்தாமல் இந்த நாலைக் கேட்டாலே பாதி மாறிவிடும். யாரோ கணக்கு வைக்கிறார்கள் என்று தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும். முப்பது வருடம் டீச்சராக இருந்தவள் சொல்கிறேன்.

அதே கூட்டத்தில் திரையை நன்றாகப் பயன்படுத்தும் டீச்சரைப் பெயர் சொல்லிப் பாராட்டவும் செய்யுங்கள்.

வீட்டில் டிவியை அணைத்தால் "ஸ்கூல்லயே போடுறாங்க, நீ மட்டும் ஏன்" என்கிறான். என்ன சொல்ல?

"ஸ்கூல்ல என்னடா பார்த்த, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் அங்கே ஏதோ படித்திருக்கிறான். "ஏதோ பாட்டு" என்றால் அடுத்த கூட்டத்துக்கு உங்களுக்கு ஒரு கேள்வி கிடைத்துவிட்டது. என் பேரன் போன வாரம் ஆமையைப் பற்றிப் பார்த்ததாகச் சொன்னான். முட்டையைக் கடற்கரை மணலுக்குள் இடும், குஞ்சுகள் தாமாகக் கடலுக்கு ஓடும் என்று கையை நீட்டி மடக்கி நடித்தே காட்டினான். ஒவ்வொரு குஞ்சாகத் தரையில் தவழ்ந்து காட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. டிவியை யாரும் நினைக்கவில்லை.